மெதுப் பறப்பு

குரு இருந்தது அம்பத்தூரில். சிஷ்யர் இருந்தது தென்காசியில். நடுவில் அறுநூறு கிலோமீட்டர் தூரமும், மழை வந்தால் அறுந்துபோகிற இன்டர்நெட்டும் இருந்தன.

குருவின் பெயர் தமயந்தி. வயது முப்பத்து நான்கு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சிஷ்யரின் பெயர் ஆவுடையப்பன். வயது அறுபத்தொன்று. விமானப்படையில் இருபது வருஷம் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து, அப்புறம் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவருக்குக் கழுத்தை நீட்டிய கோமதி நான்தான். அதனால் கதையை நான் சொல்கிறேன்.

சிஷ்யர் குருவிடம் கற்றுக்கொண்டது, கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுவது.

சிரிக்காதீர்கள். முதலில் சிரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். விளையாட்டு என்று சொல்லக் கூடாது, சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். நிஜ விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே கணக்குப் போட்டுக் காட்டுமாம். வலது கைக்கு ஒரு குச்சி. இடது கைக்கு, இன்ஜினைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி. காலுக்கு இரண்டு பெடல். எங்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்த இடத்தில் இப்போது இதெல்லாம் இருக்கிறது.

இவர் ஓட்டுவது, இருபது வருஷம் இவரே பழுது பார்த்த அதே விமானம். முக்கோண இறக்கை. அதன் வயிற்றுக்குள் கையை விட்டிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் அதில் ஏறிப் பறந்ததில்லை. நான் அதற்குச் சமோசா என்று பெயர் வைத்தேன்.

இந்தப் பைத்தியத்தை இவருக்கு ஏற்றிவிட்டவர் ஞானதுரை அண்ணன். விமானப்படையில் இவரோடு ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர், நாசரேத்துக்காரர். அவர்தான் இவரை அந்தக் குழுவில் சேர்த்தார். மொத்தம் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு ஊரில், ஆளுக்கு ஒரு குச்சியோடு உட்கார்ந்து, ஒரே வானத்தில் சேர்ந்து பறப்பார்கள். தமயந்தி அந்தக் குழுவுக்குத் தலைவர்.

கார்த்திகையில் ஞானதுரை அண்ணன் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வரிசையாக ஓடுதளத்துக்கு மேலே பறந்து போவார்கள். சக்கரத்தை இறக்கிவிட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் போகுமோ அவ்வளவு மெதுவாக. மெதுப் பறப்பு என்று அதற்குப் பெயர். வழியனுப்புகிறவன் அவசரப்படக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இறந்தவர் எப்போதும் பறக்கிற இடத்தில் அவருக்கு வேண்டியவர் ஒருவர் பறக்க வேண்டும். யாராவது கீழே விழுந்தால் மறுபடி ஆரம்பிக்க மாட்டார்கள். வரிசை ஓட்டையோடு போய்விடும்.

ஞானதுரை அண்ணனின் இடம் வரிசையில் மூன்றாவது. அதை நான் பறக்கிறேன் என்று இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். தை மாதம் மூன்றாவது ஞாயிறு, காலை பத்து மணி.

கேட்டு வாங்கின அன்றைக்கு இவருக்கு மெதுவாகப் பறக்கவே தெரியாது.

தமயந்திக்குக் காலையும் மாலையும் டிரைவிங் வகுப்பு. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கை ஒழியும். தினமும் இரண்டு மணிக்குப் பாடம். இன்ஜின் சத்தத்தில் வாழ்ந்து இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஸ்பீக்கரை அலறவிடுவார். குரு அங்கே தும்மினால் எனக்கு இங்கே அடுக்களையில் கேட்கும்.

முதல் நாள் சிஷ்யர் கேட்டார்.

"மேடம், இதை எவ்வளவு மெதுவா ஓட்டலாம்?"

"நான் சொன்னா அது என் விமானத்தோட கதை. உங்க விமானத்தைக் கேளுங்க சார்."

"எப்படிக் கேக்க?"

"மெதுவா."

இவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

வேகமாகப் போவது சுலபமாம். காற்றே தாங்கிக்கொள்ளும். வேகம் குறையக் குறைய மூக்கைத் தூக்க வேண்டும். மூக்கைத் தூக்கினால் காற்று பின்னுக்கு இழுக்கும், அதற்கு இன்ஜினைக் கூட்ட வேண்டும். ஆமை மாதிரிப் போவதற்குத்தான் அதிக சக்தி வேண்டுமாம். அப்போது ஏதாவது ஒரு பக்க இறக்கை தொய்யப் பார்க்கும். தொய்வதற்குள் காலால் ஒரு சின்னத் தள்ளு, கையால் ஒரு சின்ன அசைவு. சின்னது போதும். பயந்துபோய்க் குச்சியைப் பிடித்து இழுத்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

இவர் பிடித்து இழுத்தார்.

வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கீழே வரும். இடது இறக்கை தொய்யும். இவர் குச்சியை வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டுவார். சமோசா மல்லாந்து, சுழன்று, வயலில் போய் விழும். உடனே ஒரு பட்டனைத் தட்டுவார். புது விமானம் வந்து நிற்கும். ஒரு மத்தியானத்தில் ஒன்பது விமானம் போயிற்று. பட்டன் தேய்ந்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் குரு சொன்னார். "சார், இனிமே அந்தப் பட்டனைத் தொடாதீங்க. விழுந்த இடத்துலேயே அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

"உக்காந்து என்ன செய்ய மேடம்?"

"புகையைப் பாருங்க."

இந்த மனுஷன் அப்படியே செய்தார். திரையில் புகை போய்க்கொண்டிருக்கும். எதிரே இவர் கையைக் கட்டிக்கொண்டு, சந்நிதியில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் இவர் கையை ஏன் கட்டிக்கொள்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இவருக்கு வலது கை நடுங்கும்.

இரண்டு வருஷமாக. திருநெல்வேலி டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படுகிற வியாதி இல்லை, சிலருக்கு வயதானால் வரும், ஆனால் முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, வெளியில மூச்சு விடாதே."

அன்றிலிருந்து காபி அரை டம்ளர்தான். முழு டம்ளர் சிந்தும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார், ரசம் கையிலிருந்து வழியும் என்று. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கெல்லாம் என்னை அனுப்புவார். ஞானதுரை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பது வருஷச் சிநேகிதம், அவரிடமே மறைத்தார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சிமுலேட்டரிலும் மறைப்பதற்கு ஒரு வழி இருந்தது. அமைப்புகளுக்குள் போனால் ஒரு இடம் உண்டு. குச்சி நடுவில் கொஞ்ச தூரம் ஆடினால் அதை விமானத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். தேய்ந்துபோன குச்சி தானாக ஆடும், அதற்காகக் கொடுத்த வசதி. மூன்று சதவீதம், நான்கு சதவீதம் வைப்பார்கள். இவர் பதினெட்டு வைத்திருந்தார். நடுக்கத்தோடு சேர்ந்து, வேண்டுமென்றே செய்கிற சின்ன அசைவும் விமானத்துக்குப் போகாது.

அதனால் திரையில் சமோசா ஆடாமல் அசையாமல் போகும். பார்க்க அழகாக இருக்கும். விழுகிற வரைக்கும்.

ஒரு நாள் குரு கேட்டார். "சார், நேத்து பறந்ததோட பதிவை எனக்கு அனுப்புங்க."

குச்சி எப்போது எவ்வளவு அசைந்தது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்குமாம். அனுப்பினார். மறுநாள் இரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"உங்க குச்சி ஒண்ணு பேசாம இருக்கு. இல்லேன்னா கத்துது. நடுவுல ஒரு வார்த்தையும் காணோமே சார்?"

இவர் ஒரு கையால் குச்சியை மூடிக்கொண்டார். "குச்சி பழசு மேடம். அதான்."

"ஓ, அப்படியா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. போய் வாங்கி வந்து பிரித்தால், உள்ளே ஒரு குச்சி. பிடிக்கிற இடத்தில் பழைய துப்பட்டாத் துணி சுற்றியிருந்தது. குரு தன்னுடைய குச்சியையே அனுப்பிவிட்டார். ஒரு துண்டுத்தாளில், "இது நல்லா வேலை செய்யும் சார்" என்று எழுதியிருந்தது.

இவர் அந்தக் குச்சியைப் பொருத்தினார். அமைப்புகளுக்குள் போனார். பதினெட்டு வைத்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"நீ சும்மா கிட."

பறந்தார், விழுந்தார், புகையைப் பார்த்தார். பதிவு அம்பத்தூருக்குப் போயிற்று. மறுநாள் குரல் வந்தது.

"சார், என் குச்சியும் பழசா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கரண்டியோடு வாசற்படியில் நின்றேன். அந்தப் பெண் தன் குச்சியை இவருக்கு அனுப்பிவிட்டு, நாலு நாளாக வெறுங்கையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனுஷன் அதையும் பொய்யாக்கிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் மைக்கில் வாயை வைத்தேன்.

"மேடம், குச்சியில ஒரு குறையும் இல்ல. இவர் கை நடுங்கும். அது தெரியக் கூடாதுன்னு பதினெட்டு வச்சிருக்காரு."

"ஏட்டி!" என்று இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

அம்பத்தூரில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது. அப்புறம் தமயந்தி பேசினார்.

"என்கிட்ட ஒரு அம்மா டிரைவிங் கத்துக்க வந்தாங்க சார். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையா பக்கத்துக் கண்ணாடியை மடக்கி வச்சிடுவாங்க. பின்னாடி வர்ற பஸ்ஸைப் பார்த்தா அவங்களுக்கு உதறுதாம்."

இவர் நின்றுகொண்டே கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடியை விரிச்சு விட்டேன்."

"அப்புறம்?"

"உதறிக்கிட்டே ஓட்டினாங்க. அந்த நம்பரைப் பூஜ்யமா வைங்க சார்."

இவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மச்சில் போய் உட்கார்ந்துகொண்டார். காபி கொண்டுபோய் வைத்தால் குடிப்பார், டம்ளரைத் திருப்பித் தர மாட்டார். நானும் இறங்கிப் போகவில்லை. தப்பு செய்தவள் மாதிரி நான் ஏன் போக வேண்டும்? ஆனால் ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

தினமும் இரண்டு மணிக்கு அம்பத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. முழுசாக அடித்து ஓய்ந்தது. இவர் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஞானதுரை அண்ணனின் மனைவி லில்லி போன் செய்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பேரன் டிவியில போட்டுக் காட்டுறேன்னு சொல்லியிருக்கான். எனக்கு அதுல ஒண்ணும் புரியாது. அவரு எந்த இடத்துல வருவாரு?"

"மூணாவது."

"அதுல இப்ப நீங்கதானே வாறீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அப்போதுதான் பார்த்தார்.

"ஆமா லில்லி, நான்தான்."

அன்று மத்தியானம் ஒன்றே முக்காலுக்கே மேசையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு அழைப்பு வந்ததும் எடுத்தார்.

"பூஜ்யம் வச்சிட்டேன் மேடம்."

"சரி சார். ஏறுங்க."

கோபமில்லை. ரெண்டு நாளா எங்கே போனீங்க என்று ஒரு கேள்வியில்லை. எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சமோசா ஏறியது. நானே பார்த்தேன், அது பழைய சமோசா இல்லை. இரண்டு இறக்கையும் நடுங்கின. இவர் விரல் எப்படித் துடித்ததோ அப்படியே.

"ஆடுது மேடம்."

"ஆடட்டும்."

"ரெக்கை பூராவும் நடுங்குது. பாக்கவே சகிக்கல."

"விழுந்துச்சா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

முந்நூறு. இருநூற்றுத் தொண்ணூறு. மூக்கு மேலே போனது. இவர் இடது கையால் இன்ஜினைக் கூட்டினார். நெற்றியில் வியர்வை. துடைக்கப் போன என்னை முழங்கையால் தள்ளினார்.

"விழுந்துச்சா சார்?"

"இல்ல மேடம்."

"இன்னும் கொஞ்சம்."

இருநூற்று எண்பது. இடது இறக்கை தொய்யப் பார்த்தது. அதற்குள் இவர் கால் பெடலைத் தொட்டது. கை ஒரு நூல் அசைந்தது. இறக்கை நிமிர்ந்துகொண்டது. நடுங்கிக்கொண்டே நிமிர்ந்துகொண்டது.

இவர் மூச்சை விட்டார். "மேடம், இது தொய்யப் போறது முன்னாடியே தெரியுது."

"முன்னாடியும் அது சொல்லிக்கிட்டுதான் சார் இருந்துச்சு."

இவர் இன்னொரு சுற்று ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எட்டு டன் வண்டி. விரல் துடிக்கிறதுக்கெல்லாம் விழுமா? இருபது வருஷம் இதைக் கழட்டி மாட்டியிருக்கேன். எனக்குத் தோணலையே."

அன்றைக்கு ஒரு விமானமும் விழவில்லை. மறுநாள் ஒன்று விழுந்தது. கையைக் கட்டாமல் புகையைப் பார்த்தார். அதற்கு மறுநாள், குருவின் குச்சியைத் துப்பட்டாத் துணி கலையாமல் கட்டி நானே பார்சலில் போட்டேன். கூட அரைக் கிலோ நேந்திரங்காய் சிப்ஸ். வரிசைக்கு முன்னால் போகிறவருக்குக் குச்சி வேண்டாமா?

சனிக்கிழமை இவர் மறுபடி தொடங்கினார்.

"மேடம், நாளைக்கு எல்லாரும் பாப்பாங்களே."

"பார்க்கத்தான் சார் வர்றாங்க."

ஞாயிறு காலை இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. லில்லி என் போனில் காத்திருந்தாள்.

பதினோரு விமானங்கள் வரிசையாக வந்தன. முன்னால் தமயந்தி. இரண்டாவது காரைக்குடிப் பல் டாக்டர் ஒருவர். மூன்றாவது இவர். எல்லாமே சக்கரத்தை இறக்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, நின்றுவிடுமோ என்கிற மாதிரி வந்தன. நேர்கோட்டில், கோலப்புள்ளி மாதிரி. மூன்றாவது மட்டும் நடுங்கிக்கொண்டே வந்தது.

ஓடுதளம் ஆரம்பிக்கிற இடத்தில் காற்று குறுக்கே அடித்தது. இடது இறக்கை சட்டென்று தொய்ந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. இழுத்துவிடாதீங்க, இழுத்துவிடாதீங்க என்று மனசுக்குள் கத்தினேன். இவர் இழுக்கவில்லை. காலால் ஒரு தள்ளு, கையால் ஒரு நூல், இன்ஜினில் ஒரு பிடி. இறக்கை யோசித்தது. பிறகு மேலே வந்தது.

அப்படியே ஓடுதளத்தின் கடைசி வரைக்கும். ஓட்டை விழாமல் வரிசை போய்ச் சேர்ந்தது. இவர் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. இந்தத் தடவை நான் துடைத்தபோது தள்ளவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு பல் டாக்டர் கேட்டார். "ஆவுடையப்பன் சார், உங்க விமானம் முழுக்க நடுங்கிட்டே வந்துச்சே. உங்க பக்கம் நெட் சரியில்லையா?"

நெட் சரியில்லாவிட்டால் மற்றவர்கள் திரையில் விமானம் துள்ளுமாம். அவர்கள் கூட்டத்தில் அது சகஜம். ஆமா டாக்டர், நெட்தான் என்று சொன்னால் முடிந்தது. அருமையான பொய், கேட்டவரே கையில் கொடுத்த பொய். தமயந்தி ஒன்றும் பேசவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நெட் நல்லாத்தான் இருக்கு டாக்டர்," என்றார் இவர். "எனக்குக் கை நடுங்கும். ரெண்டு வருஷமா இருக்கு."

என் கையிலிருந்த போனில்தான் லில்லியின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"அண்ணே, மத்ததெல்லாம் படம் மாதிரிப் போச்சு. அந்த மூணாவதுலதான் உள்ளே ஆள் இருக்கிற மாதிரி இருந்துச்சு."

அன்றைக்கு மத்தியானம் இவர் முருங்கைக்காய்ச் சாம்பாரை ஒரு பிடி பிடித்தார். இலையைச் சுற்றிலும் சிந்தினார். நான் கண்டுகொள்ளவில்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிஷ்யர்களுக்கு எப்போதும் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும் இல்லையா?

மறுநாள் இரண்டு மணிக்குக் குரு வீடியோவில் வந்தார். டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வரச் சொல்லியிருந்த ஒருவருக்காக, ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தார். சிப்ஸ் பாக்கெட் மடியில் இருந்தது.

"சொல்லுங்க சார். அடுத்து என்ன கத்துக்கப் போறீங்க?"

இவர் தன் வலது கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். வெளி மனுஷருக்கு முன்னால் அந்தக் கையை நீட்டி இரண்டு வருஷம் ஆகிறது. விரல்கள் துடித்தன.

"எல்லாம் சரி மேடம். பறந்தாச்சு, சொல்லியாச்சு. ஆனா இந்த நடுக்கம் எப்பதான் நிக்கும்?"

தமயந்தி யோசிக்கவில்லை. போனைத் திருப்பி, காரின் கியர் ராடுக்கு நேரே பிடித்தார். அரதப் பழைய வண்டி. நின்ற இடத்திலேயே கியர் ராடு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க மெக்கானிக். நீங்களே சொல்லுங்க. இது எப்ப நிக்கும்?"

"இன்ஜினை நிறுத்தினா நின்னுரும்."

ராடு ஆடிக்கொண்டே இருந்தது. தமயந்தியின் கை திரைக்குள் வந்து சாவியைத் தொட்டது.

"நிறுத்திடட்டுமா சார்?"

அடுக்களை வாசற்படியிலிருந்து நான்தான் கத்தினேன்.

"ஐயோ, வேண்டாம் மேடம்! அது பாட்டுக்கு ஓடட்டும்!"